தண்ணீர் ஊற்றாத மாதங்கள்

அத்தியாயம் பதினேழு

மொட்டு இன்று விரியும் என்பது அண்ணிக்கு நேற்று மாலையே தெரிந்துவிட்டது.

கள்ளிச் செடியின் மொட்டு பல நாள் ஒன்றுமே செய்யாது. முள்ளுக்கு நடுவே கம்பளி உருண்டை போல ஒட்டிக்கொண்டு கிடக்கும். நாம் சலித்துப்போய்ப் பார்ப்பதையே விட்டுவிடுவோம். பிறகு ஒரே வாரத்தில் கழுத்து நீளும். விரிவதற்கு முந்தின மாலை அதன் நுனி லேசாகத் தளரும், மடக்கிய குடையின் பட்டையை யாரோ கழற்றிவிட்டதுபோல. நேற்று அப்படித்தான் இரண்டு தொட்டிகளில் தளர்ந்திருந்தது. ஒன்றின் நுனியில் மஞ்சள் எட்டிப் பார்த்தது. மற்றதில் சிவப்பு.

ஆறு வருடத்தில் முதல் பூ. அது பூக்க இன்றைக்குத்தானா நாள் பார்க்க வேண்டும்?

இன்று பதினொரு மணிக்குச் சின்னவள் வருகிறாள்.

போன வாரம் விட்ட இடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சின்னவள், பேருந்து ஓட்டும் டிரைவரின் ஒரே தங்கை. அண்ணி, டிரைவரின் மனைவி. தெருவில் பாதிப் பேருக்கு அவள் அண்ணிதான், நமக்கும் அப்படியே இருக்கட்டும். ஆறு வருடத்துக்கு முன்னால், டிரைவர் யார் யாரிடமோ கெஞ்சி வாங்கிக் கொடுத்த அலுவலக வேலையைச் சின்னவள் எட்டே மாதத்தில் உதறினாள். நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு செடிப் பண்ணையில் போய்ச் சேர்ந்தாள். “போறதுன்னா உன் முள்ளையும் தூக்கிட்டுப் போ” என்றார் டிரைவர். “ஒரு நாள் வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்” என்றாள் அவள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. வருடத்துக்கு நாலு தடவை, டிரைவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அண்ணியிடம் மட்டும் போனில் பேசுவாள்.

இப்போது சின்னவள் ஒரு தோழியோடு சேர்ந்து, செடி வளர்த்து விற்கச் சொந்தமாகக் கண்ணாடிக் கூடம் போடுகிறாள். அதற்கு விதையும் குட்டியும் எடுக்கத் தாய்ச் செடிகள் வேண்டும். அவள் விட்டுப்போன தொட்டிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு டாக்ஸியில் ரயில் நிலையத்துக்குக் கிளம்பிவிடுவாள். அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு வருவது நாலரைக்கு. நேரம் பார்த்துத்தான் வருகிறாள்.

அண்ணியின் பயம் ஒன்றே ஒன்றுதான். தொட்டிகள் இங்கே இருக்கும்வரை சின்னவள் என்றைக்காவது ஒரு நாள் படியேறி வருவாள். தொட்டிகளும் போய்விட்டால் இந்த வீட்டுக்கு வர அவளுக்கு என்ன காரணம் மிஞ்சும்?

இன்று காலை ஐந்தரைக்கு டிரைவர் வழக்கம்போல பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்த்தார். பாட்டிலில் புதுத் தண்ணீர் பிடித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டார்.

“என்ன, ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தே?”

“திரைச்சீலை ஆர்டர் நினைப்புதான்.”

“நாற்பது சீலை. நாலு நாள்ல முடிச்சுடுவே. மெஷினுக்கே உன்னைக் கண்டா பயம்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். சின்னவள் வருகிறாள் என்கிற ஒரு வரி அண்ணியின் தொண்டை வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

*

மூன்றாவது மாடி வீட்டில் தையல் மெஷின் இருப்பது பால்கனிக் கதவின் ஓரம். ஓரம் அடிக்காத வெள்ளைத் துணிகள் கதவுக்குக் குறுக்கே கொடியில் தொங்கின. வெயில் அவற்றின் வழியாகப் பாலைப்போல வடிந்து தரையில் பரவியது. அந்த வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் மெதுவாக நடப்பதுபோல இருந்தது. கடிகாரம்கூட.

அழைப்பு மணி அடித்தபோது பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

கதவைத் திறந்தால், நாலு அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள்.

“அண்ணி, முதல்ல பெட்டியைப் பிடிங்க. அப்புறம் கட்டிப் பிடிக்கலாம்.”

“ஆறு வருஷம் கழிச்சு வந்து வேலை வாங்கறியே, நாத்தனாருன்னா நாத்தனார்தான்.”

பெட்டிகள் தரைக்குப் போயின. கட்டிப்பிடித்தது கொஞ்சம் நீண்டது. சின்னவள் இளைத்திருந்தாள். விரல் நுனிகளில் வட்ட வட்டமாகப் பழைய தீக்காயத் தழும்புகள்.

“இது என்னடி கையி?”

“பசை.” சின்னவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “பண்ணையில மூணு வருஷம் எனக்கு என்ன வேலைன்னு நினைக்கறீங்க? காய்ஞ்ச காகிதப் பூவைச் சூடான பசை வச்சு கள்ளிச் செடி தலையில ஒட்டறது. ஒரு நாளைக்கு ஐந்நூறு செடி. கடைக்கு வர்றவங்க பூ இருந்தாத்தான் வாங்குவாங்களாம். நிஜப் பூ வர வைக்க நேரம் யாருக்கு இருக்கு?”

“ஒட்டினா செடிக்கு வலிக்காதா?”

“வளர்ற இடமே உச்சந்தலைதான், அண்ணி. அங்க பசையை வச்சா அது எப்படி வளரும்? பூ எப்படி வரும்? வாங்கினவங்க வீட்டுல ஒரு வருஷம் அந்தக் காகிதப் பூவையே பார்த்துட்டு இருப்பாங்க. அப்புறம் தூக்கிப் போடுவாங்க. அதான் வெளியே வந்துட்டேன். நான் நிஜமாப் பூக்கற செடியைத்தான் விப்பேன்.”

சொல்லிக்கொண்டே தொங்கும் துணிகளை விலக்கிப் பால்கனிக்குள் நுழைந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மஞ்சள் மொட்டு பாதி விரிந்திருந்தது.

*

கள்ளிப் பூ விரிவதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்டால், முடியும், ஆனால் பார்க்கிறவருக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. வெயில் ஏற ஏற, இதழின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக நீளும். அதனால் இதழ் வெளியே வளையும். அவ்வளவுதான் சூட்சுமம். ஒவ்வொரு இதழும் எப்போது நகர்ந்தது என்று தெரியாது; நகர்ந்திருக்கிறது என்றுதான் தெரியும். இந்தப் பந்து வகையில் பூவுக்கு ஆயுள் ஒரே பகல். காலையில் தொடங்கும், நடுப்பகலில் நிறையும், ஐந்து மணிக்கு மூடும். மூடினால் மூடியதுதான்.

இருவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அண்ணி போட்டு வந்த டீ கையிலேயே ஆறிப்போனது இருவருக்கும் தெரியவில்லை. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அது வேறு ஏதோ ஊரில் கேட்பதுபோல இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு பூவும் முழுசாக விரிந்தன. உள்ளங்கையில் பாதியளவு இருக்கும் செடி. அதன் தலையில் செடியளவுக்கே ஒரு பூ. மஞ்சள், பட்டுத் துணியைப்போல மின்னியது. சிவப்பு மின்னவில்லை, வெயிலை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டது.

“இது நான் விதையிலேர்ந்து போட்டது, அண்ணி” என்றாள் சின்னவள். கிசுகிசுப்பாகத்தான் பேசினாள். “கடுகுல கால்வாசி விதை. அப்ப இது எந்தக் கலர்ல பூக்கும்னு எனக்கே தெரியாது. இத்தனை வருஷம் உள்ளயே வச்சுக்கிட்டு இருந்திருக்கு.”

“அழுத்தக்காரி. உன்னை மாதிரியே.”

சின்னவள் சிரித்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். “ஒரு மெல்லிய பிரஷ் இருக்கா? சீக்கிரம். ரெண்டும் ஒரே நாள் பூத்தது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்னு உங்களுக்குத் தெரியலை.”

பிரஷ் இல்லை. அண்ணி பருத்தி நூலை நாலாக மடித்து, முனையைப் பிரித்து, பஞ்சுபோல ஆக்கிக் கொடுத்தாள். தையற்காரிக்கு அது ஒரு நொடி வேலை.

“இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது” என்றாள் சின்னவள். “இதோட உடம்புலேர்ந்து பிரிச்சு வச்ச குட்டியோடதையும் ஏத்துக்காது. ரெண்டும் ஒரே ஆள்தானே. வேற விதையில பிறந்த வேற செடி வேணும். அதுவும் அதே பகல்ல பூத்திருக்கணும். இந்தாங்க, நீங்களே பண்ணுங்க.”

“நானா? எதையாவது கெடுத்துடுவேன்டி.”

“ஊசியில நூல் கோக்கறவங்களுக்கு இது ஒரு விஷயமா?”

அண்ணி நூல் முனையால் மஞ்சள் பூவின் உள்ளே தொட்டாள். மகரந்தத் தூள் ஒட்டிக்கொண்டது. அதைக் கொண்டுபோய்ச் சிவப்புப் பூவின் நடுவே, சின்ன நட்சத்திரம்போல விரிந்து நின்ற சூல்முடியில் தடவினாள். பிறகு இன்னொரு நூலால் அங்கிருந்து இங்கே. மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

“விடுங்க அண்ணி, மூச்சை விடுங்க. முடிஞ்சுது.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். பூ உதிர்ந்ததும் அடியில பிஞ்சு வரும். ரெண்டு மாசத்துல முத்தும். ஒரு காய்க்குள்ள நூறு விதை. எல்லாம் வேற வேற கலர்.”

அண்ணி மெதுவாகக் கேட்டாள். “ரயில்ல குலுங்கினா பிஞ்சு நிக்குமா?”

சின்னவள் குனிந்து பூவின் அடியைப் பார்த்தாள். “நிக்கறது கஷ்டம்தான்.”

“அப்ப இது ரெண்டையும் இங்கயே...”

“வேண்டாம் அண்ணி. மடியில வச்சு எடுத்துட்டுப் போறேன். எல்லாத்தையும் ஒரே தடவையா முடிச்சுடணும்னு வந்திருக்கேன். திரும்பத் திரும்பத் திருட்டுத்தனமா வந்து போக என்னால முடியாது.”

எல்லாத்தையும் ஒரே தடவையா. அண்ணி அந்தச் சொற்களை ஒன்றும் செய்ய முடியாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

கள்ளிச் செடியைப் பெட்டியில் கட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. செய்தித்தாளை நீளமாக நாலைந்து மடிப்பு மடித்துப் பட்டையாக்கி, செடியின் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்தால் அதுவே கைப்பிடி. முள்ளும் முறியாது, கையும் தப்பிக்கும். சின்னவள் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தூக்கினாள்.

“ஒண்ணு, ரெண்டு... பன்னிரண்டு. பூத்தது ரெண்டு. பதினாலு.” நிமிர்ந்தாள். “இருபது விட்டுட்டுப் போனேன்.”

அண்ணி எதிர்பார்த்திருந்த கேள்விதான். ஆனாலும் முகம் சுருங்கிவிட்டது. “ஆறு போயிடுச்சும்மா. அடியில பழுப்பாகி, கூழாகி. போன்ல சொல்ல வாய் வரலை. நீ எழுதி வச்ச தாளைத்தான் எழுத்துக்கு எழுத்து பார்த்து செஞ்சேன். எங்க தப்புன்னே தெரியலை.”

சின்னவள் கையிலிருந்த செடியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் புருவம் நெரிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதையும் திருப்பினாள்.

“அண்ணி. குளிர்காலத்துல தண்ணி ஊத்தினீங்களா?”

“ஊத்தலையே.”

“தாள்ல பெரிய எழுத்துல போட்டிருந்தேனே. குளிர் தொடங்கினா மூணு மாசம் ஒரு சொட்டு கூடாதுன்னு.”

“ஒரு சொட்டு ஊத்தலைன்னு சொல்றேன்ல!”

“செடி வேற சொல்லுதே.”

குரலில் இருந்த இதம் போய்விட்டது. செடியை அண்ணியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். “இங்க பாருங்க. அடியிலேர்ந்து மேல வரைக்கும் முள் எப்படி இருக்குன்னு பாருங்க. தடியா, கருப்பா இருக்கா? அது வெயில் காலத்துல வந்தது. அதுக்கு மேல ஒரு வரிசை, முள் சன்னமா வெளுத்துப்போய் இருக்கா? உடம்பும் அங்க கொஞ்சம் ஒடுங்கி வெளிர்ப்பச்சையா இருக்கு. அது குளிர்காலத்துல, வெயில் பத்தாம வளர்ந்தது. குளிர்காலத்துல இது வளரவே கூடாது. தூங்கணும். தண்ணி கிடைச்சதாலதான் எழுந்து அரைகுறையா வளர்ந்திருக்கு. எண்ணுங்க.”

அண்ணி எண்ணினாள். வெளுத்த வளையம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

“அஞ்சு குளிர்காலம். அதான் பூக்கலை. ஓய்வு எடுத்த செடிதான் மொட்டு வைக்கும். குளிர்ல ஈரம் நின்னா அழுகவும் செய்யும். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம், அண்ணி. நான் வேற யார்கிட்டயாவது குடுத்திருப்பேன்.”

அண்ணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபமும்தான். “ஆறு வருஷம் உன் செடிக்கு நான் காவல் இருந்ததுக்கு நல்லாக் கூலி குடுத்தே. மண்ணு மாத்தினேன், மணலைச் சலிச்சேன், கழுத்துல ஈரம் நிக்கக் கூடாதுன்னு சரளைக்கல்லைக் கழுவிப் பரப்பினேன். நான் ஊத்தலைடி. நீ நம்பு, நம்பாம போ.”

இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். பூ மட்டும் நடுவில் விரிந்து கிடந்தது.

சின்னவள்தான் மறுபடி செடியைப் பார்த்தாள். இந்த முறை வேறு மாதிரி. விரலால் தொடாமல் எண்ணினாள்.

“அஞ்சுதான் இருக்கு.”

“அதான் சொல்லிட்டியே.”

“இல்ல அண்ணி. நான் போய் ஆறு குளிர்காலம் ஆச்சு. கடைசிக் குளிர்காலத்துக்கு வளையம் இல்லை. போன தடவை இது நல்லாத் தூங்கியிருக்கு. அதனாலதான் இப்ப பூத்திருக்கு. போன குளிர்காலத்துல மட்டும் இந்த வீட்டுல என்ன மாறிச்சு?”

என்ன மாறியது? அதே வீடு. அதே மெஷின். அதே பால்கனி.

அண்ணியின் கை தானாக வாய்க்குப் போனது.

“அவர் இல்லை” என்றாள். “மூணு மாசம் வெளியூர் டிப்போவுல போட்டாங்கன்னு போயிருந்தார்.”

“அண்ணனா?”

“தினம் விடியக்காலை பால்கனிக்குப் போவார். வானம் பார்க்கறார்னு நினைச்சேன். கையில முந்தின நாள் பாட்டில் இருக்கும். திரும்பி வரும்போது காலியா இருக்கும்.” அண்ணி சரளைக்கல்லை விரலால் விலக்கிப் பார்த்தாள். மேலே உலர்ந்திருந்தது, அடியில் மண் இருட்டாக, ஈரமாக இருந்தது. “கல்லு மேல ஊத்தினா உடனே கீழ போயிடும். நான் எழுந்து வர்றதுக்குள்ள மேல காய்ஞ்சுடும். எனக்கு எப்படித் தெரியும்?”

“முள்ளைத் தூக்கிட்டுப் போன்னு சொன்ன ஆளு?”

“அதே ஆளு.”

பாதி கட்டிய செய்தித்தாள் பட்டை சின்னவள் கையிலிருந்து மெதுவாகப் பிரிந்து தரையில் விழுந்தது.

*

ஒன்றரைக்கு அண்ணியின் போன் அடித்தது. டிரைவர் சாப்பாட்டு நேரத்தில் தினம் பேசுவார். பேசுவார் என்பதைவிட முழங்குவார் என்பது பொருத்தம். இருபது வருடம் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பழகிய குரல். போனைக் காதிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தாலும் அறை முழுக்கக் கேட்கும்.

சின்னவள் உதட்டில் விரல் வைத்தாள். நான் வந்ததைச் சொல்லாதீங்க.

“சாப்டியா?” என்றது போன்.

“இல்லைங்க. பால்கனியில பூ பூத்திருக்கு.”

“என்னது?”

“முள்ளுச் செடி. ரெண்டு பூத்திருக்கு.”

போனின் பின்னணியில் யாரோ தட்டு கழுவும் ஒலி மட்டும் வந்தது.

“என்ன கலரு?”

அண்ணி சின்னவளைப் பார்த்தாள். “ஒண்ணு மஞ்சள். ஒண்ணு சிவப்பு.”

“ரெண்டும் இன்னிக்கேவா.” அந்தக் குரல் இவ்வளவு தாழ முடியும் என்பது அண்ணிக்கே புதிது.

“ஏங்க, காலையில அதுக்கு நீங்க தண்ணி ஊத்துவீங்களா?”

“ஏன்? ஏதாவது ஆயிடுச்சா?”

“சும்மா கேட்டேன்.”

“பாட்டில்ல மிச்சம் இருக்கும். வீணாக் கொட்டறதுக்குப் பதிலா ஊத்தறதுதான். வாடிடக் கூடாது பாரு. அவ வந்து கேட்டா நாம என்ன பதில் சொல்றது?”

“குளிர்காலத்துலயுமா?”

“குளிர்காலத்துல மட்டும் தாகம் எடுக்காதா?”

சின்னவள் போனைப் பிடுங்கினாள். அப்படிச் செய்யப்போகிறாள் என்று அவளுக்கே ஒரு நொடி முன்பு தெரிந்திருக்காது.

“எடுக்காதுண்ணா! தூங்கற பிள்ளையை எழுப்பி எழுப்பித் தண்ணி குடுப்பியா?”

அந்தப் பக்கம் தட்டு கழுவும் ஒலிகூட நின்றுபோனதுபோல இருந்தது.

“எப்ப வந்தே?”

“பதினொண்ணுக்கு.”

“எப்ப கிளம்பறே?”

“மூணுக்கு.”

“நான் வர்றதுக்குள்ள.”

“ஆமா.”

அதில் பொய் சொல்ல இருவருக்கும் வரவில்லை.

“இருபதுல ஆறு செத்துப்போச்சு” என்றாள் சின்னவள். “அழுகி.”

“நான்தானா?”

“நீதான்.”

“சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே, சின்னு.”

“நீதான் பேசவே இல்லையே.”

“நீ மட்டும் என்ன, தினம் போன் போட்டியா?”

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்ததால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். டிரைவர் தொண்டையைச் செருமினார்.

“செடியை எடுக்க வந்துட்டியா? அப்ப அந்தப் பண்ணையை விட்டுடப் போறியா? நல்ல இடமாத்தானே இருந்தது. எதிர்ல நீலக் கதவு டீக்கடை. பத்து மணிக்கு வெளிய வந்து நிப்பே. மஞ்சள் கையுறையைக் கழட்டாமலே டம்ளரைப் பிடிப்பே. சுடும்னு பயமா, இல்ல கையில என்னமோ...”

அவர் நிறுத்திக்கொண்டார்.

“அண்ணா.” சின்னவள் சுவரிலிருந்து திரும்பினாள். “அது உனக்கு எப்படித் தெரியும்?”

“வண்டிக்கு நேரமாச்சு.”

“அண்ணா!”

“மூணு பத்துக்கு நம்ம தெரு முனைக்கு வருவேன். வண்டி ஸ்டேஷனுக்குத்தான் போகுது. டாக்ஸி வேண்டாம்னு சொல்லிடு.”

போன் துண்டிக்கப்பட்டது.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அண்ணிக்குப் போன குளிர்கால ஆரம்பத்தில் ஒரு மாலை நினைவுக்கு வந்தது. வெளியூர் டிப்போவுக்கு மாற்றிவிட்டார்கள், மூன்று மாதம், தப்பிக்க முடியாது என்று சொல்லி டிரைவர் பெட்டி கட்டிய மாலை. அவரோடு சேர்ந்து, மாற்றல் போட்ட அதிகாரியை அவளும் வாய் ஓயாமல் திட்டினாள். எந்த ஊர் டிப்போ என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“யாரும் மாத்தலைடி” என்றாள் அண்ணி மெல்ல. “அவரே கேட்டு வாங்கிட்டு வந்திருக்கார். உன்னைப் பார்க்க.”

“பார்க்க வந்த மனுஷன் கிட்ட வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே. மூணு மாசம், அண்ணி! நான் பத்தடி தூரத்துல டீ குடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்.”

அண்ணிக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மூன்று மாதம் அவர் அங்கே நின்றதால்தான் இங்கே யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. யாரும் ஊற்றாததால்தான் இவை தூங்கின. தூங்கியதால்தான் இப்போது இந்த மஞ்சளும் இந்தச் சிவப்பும், தங்களுக்கு ஒன்றுமே தெரியாததுபோல வெயிலில் கிடக்கின்றன.

சின்னவள் எழுந்து, பன்னிரண்டு தொட்டிகளையும் பெட்டிகளில் அடுக்கினாள். பூத்த இரண்டையும் எடுத்து, வெயில் நன்றாக விழும் மூலையில், முன்பு பார்த்த பக்கமே பார்க்கும்படி வைத்தாள்.

“பிஞ்சு நிக்கட்டும். ரெண்டு மாசம். காய் பழுத்ததும் வந்து நானே பறிச்சுக்கறேன்.”

“மறந்துடாதே.”

“தண்ணி வாரத்துக்கு ஒரு தடவை. நீங்கதான் ஊத்தணும். பாட்டில்காரரைக் கிட்ட விடாதீங்க.”

அண்ணி சரியென்று தலையை ஆட்டினாள்.

*

மூன்று மணிக்குப் பெட்டிகளைக் கீழே இறக்கினார்கள். அண்ணி தெரு முனை வரை வருவதாகச் சொன்னாள். சின்னவள் வேண்டாம் என்றாள். “நான் தனியா கேட்டுக்கறேன், அண்ணி” என்றாள். கேட்க வேண்டியது என்ன என்று இருவருக்கும் தெரியும்.

அண்ணி மறுபடி மேலே ஏறி வந்து துணிகளை விலக்கிப் பால்கனியில் நின்றாள். பூக்களின் ஓர இதழ்கள் அப்போதே கொஞ்சம் நிமிரத் தொடங்கியிருந்தன. தெரு முனையில், நாலு பெட்டிக்குப் பக்கத்தில், சின்னவள் விரலளவு உயரத்தில் தெரிந்தாள்.

மூன்று பன்னிரண்டுக்குப் பேருந்து வந்தது. முன்கதவு திறந்தது. அந்த நிறுத்தத்தில் வண்டி அரை நிமிடத்துக்கு மேல் நிற்காது.

பயணிகள் யாரும் இறங்கவில்லை. டிரைவர் இறங்கினார். பெட்டிகளை ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும், கண்ணாடிச் சாமான் போலத் தூக்கி உள்ளே வைத்தார். நாலும் முடிந்தது. ஏறு என்று கையைக் காட்டினார்.

சின்னவள் ஏறவில்லை. கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, விரலை நீட்டி ஏதோ கேட்டாள். அவர் பேருந்தைக் காட்டினார், மணிக்கட்டைக் காட்டினார். அவள் நகரவில்லை. மறுபடி கேட்டாள். சன்னல்களில் தலைகள் முளைத்தன. பின்னால் வந்த வண்டி ஒன்று ஹாரன் அடித்தது, பிறகு இன்னொன்று.

டிரைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். பிறகு தலையை நிமிர்த்திப் பேசத் தொடங்கினார். நிறையப் பேசினார். சின்னவளின் நீட்டிய விரல் மெதுவாகக் கீழே இறங்கியது.

இருபது வருடம் எஞ்சினோடு போட்டி போட்ட அந்தக் குரலிலிருந்து மூன்றாவது மாடிக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை.